எட்டா, நாலா

படிவத்தின் இரண்டாவது பக்கத்தில் ஒரு வட்டம் இருந்தது. கடிகாரம் போல ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள் போட்டிருந்தார்கள்; முட்கள் மட்டும் இல்லை. ‘வலி உள்ள இடத்தைக் குறிக்கவும். கைக்கண்ணாடியில் பார்த்துக் குறிக்கலாம்’ என்று அடியில் ஒரு வரி. டீச்சர் அதை வீட்டிலேயே நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். எட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளுடைய காரில் ஓட்டுநருக்கு ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அவளுக்கு ஒரு பிரேக். இன்றைக்கு அவளே ஓட்டினாள். அவளுடைய வழக்கமான இருக்கையில் அவள் கணவன், படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குளிர்பெட்டி பழுது பார்க்கும் மெக்கானிக். சிக்னலில் முன்னால் போன லாரி நின்றதும் அவன் கால் தானாகப் போய் இரண்டாவது பிரேக்கை அழுத்தியது. கார் குலுங்கி நின்றது.

“கால எடுங்க. அது விளையாட்டுச் சாமான் இல்ல.”

“தானா போகுது. நான் என்ன பண்ண?” என்றவன் மறுபடி படிவத்தைப் பார்த்தான். “எட்டு மணின்னு போட்டிருக்க.”

“ஆமா.”

“எட்டு மணிக்கு நாம சாப்பிட்டுட்டு இருப்போம். பாதி நாள் நான் வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்.”

“அது நேரம் இல்லைங்க. இடம்.”

“மணி எப்படி இடமாகும்?”

அவள் சிரிக்கவில்லை. போன வாரம் அவளுக்கும் இதே குழப்பம்தான். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கப் போன் செய்தபோது ஆஸ்பத்திரி சிஸ்டர், “எத்தனை மணியில வலின்னு குறிச்சு எடுத்துட்டு வாங்க” என்றார். அவள் கடைசியாக வலித்த மூன்று தடவைகளையும் கஷ்டப்பட்டு ஞாபகப்படுத்தி ஒரு துண்டுக் காகிதத்தில் ‘பத்தரை, பதினொன்று, ஞாயிறு மதியம் மூன்று’ என்று எழுதி வைத்திருந்தாள். படிவம் கைக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அந்தத் துண்டைச் சுக்குநூறாகக் கிழித்து, காய்கறித் தோலுக்கு அடியில் போட்டு மூடினாள்.

“வாசல வட்டமா நினைச்சுக்கணும். மேல பன்னெண்டு, கீழ ஆறு. எனக்கு எட்டுல வலிக்குது” என்றாள்.

அவன் தலையாட்டினான். புரியாத விஷயத்துக்குத்தான் அவன் இவ்வளவு பலமாகத் தலையாட்டுவான்.

கல்யாணமாகி ஒன்றரை வருஷம். முதல் நாளிலிருந்தே வலி. முதல் மாதம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று இருவரும் நினைத்தார்கள். மூன்றாவது மாதம் அவசரம்தான் காரணம் என்று நினைத்தார்கள். ஆறாவது மாதத்துக்குப் பிறகு என்ன நினைப்பது என்று தெரியவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பிப் படுத்தாலே அவளுக்கு மூச்சு நின்றுவிடும். அவனும் அதைக் கவனித்துவிட்டு மறுபுறம் திரும்பிக்கொள்வான். ஒரு டாக்டரிடம் போனார்கள். இரும்புக் கருவியை வைத்து உள்ளே பார்த்துவிட்டு, முழுசாக இரண்டு நிமிஷம்கூட ஆகாமல், “எல்லாம் நார்மல். மனசுதான் காரணம். ரிலாக்ஸா இருங்க” என்று அனுப்பிவிட்டார் அவர்.

நார்மல் என்ற சொல்தான் வீட்டுக்குள் வந்து குட்டையைக் குழப்பியது. மெக்கானிக் அதைத் தன் தொழில் வழியாக யோசித்தான். “மெஷின்ல கோளாறு இல்லன்னா கரண்ட்ல கோளாறு. உன் உடம்புல ஒண்ணும் இல்லன்னா கோளாறு நான்தான். உனக்கு என்னைப் பிடிக்கல. சொல்ல சங்கடப்படற.” அவள் எவ்வளவு மறுத்தும் அவன் கேட்கவில்லை. பிடித்திருந்தால் ஏன் வலிக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டான். போகப் போக அவளுக்கே சந்தேகம் வந்தது. இவனைத் தனக்குப் பிடிக்கவில்லையோ? தனக்கே தெரியாமல் பிடிக்காமல் இருக்க முடியுமா? அவன் சாம்பார்க் கரண்டியை வைத்துப் பாட்டுப் பாடும்போது பிடித்துத்தானே இருக்கிறது?

இதற்கிடையில் அவன் கம்பெனி வேறு ஊரில் ஒரு சர்வீஸ் சென்டர் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவன் தனியாகப் போவதாகச் சொன்னான். சண்டை போடவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“புதன்கிழமை இன்னொரு டாக்டரைப் பாக்கறேன். அவங்களும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா நீங்க தனியாவே போங்க, நான் தடுக்கல” என்றாள் அவள்.

இன்று புதன்கிழமை. உடம்பில் ஏதாவது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று நினைத்தபடி அவள் காரை நிறுத்தினாள்.

*

“நான் இங்கயே இருக்கேன்” என்று மெக்கானிக் காரிலேயே உட்கார்ந்துவிட்டான். காத்திருக்கும் அறையில் எல்லாம் பெண்களாக இருப்பார்கள், தான் எங்கே பார்ப்பது என்று அவனுக்குக் கூச்சம்.

டாக்டர் ஐம்பது வயதுக்காரர். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, பிறகு அதையே மேஜையில் தேடுகிற ரகம். பரிசோதனைக் கட்டிலுக்கு டீச்சரை உடனே அனுப்பவில்லை. சேலையும் செருப்புமாக நாற்காலியில் உட்கார வைத்தே கால் மணி நேரம் கேள்வி கேட்டார்.

“எப்ப வலிக்குது? ஆரம்பிக்கும்போதா, உள்ள போன பிறகா?”

“ஆரம்பிக்கும்போதே.”

“எப்படி இருக்கும்? குத்தலா, எரிச்சலா, இழுக்கற மாதிரியா?”

யாரும் இதுவரை அவளிடம் இப்படிக் கேட்டதில்லை. வலிக்கிறது என்பதோடு எல்லோரும் நிறுத்திக்கொள்வார்கள். அவள் யோசித்தாள். “புண்ணு மேல எலுமிச்சம்பழம் பட்ட மாதிரி. அதுக்கப்புறம் உள்ள எதோ இறுக்கிப் பிடிக்குது. அது வேற வலி.”

“ரெண்டும் வேறன்னு நீங்களே பிரிச்சுட்டீங்களே. பாதி வேலை முடிஞ்சுது” என்று டாக்டர் எழுதிக்கொண்டார். “முன்னாடி பாத்த டாக்டர் கருவி வெச்சுப் பாத்தாரில்ல? அது உள்ள இருக்கறதைக் காட்டும். கர்ப்பப்பை வாய், சுவர், அதெல்லாம். ஆனா உங்க வலி வாசல்லயே இருக்குன்னு வைங்க. வாசல்ல தொலைச்ச சாவிய சமையலறையில தேடினா கிடைக்குமா?”

“அப்ப அவர் நார்மல்னு சொன்னது பொய்யா?”

“பொய் இல்ல. சமையலறை நார்மல்.”

டீச்சருக்கு அது பிடித்திருந்தது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. இந்த டாக்டரும் வாசலைப் பார்த்துவிட்டு அதுவும் நார்மல் என்றால்?

“இன்னிக்கு அந்தக் கருவி கிடையாது” என்றார் டாக்டர். “முதல்ல கண்ணால பாப்பேன். அடுத்தது பஞ்சுக்குச்சியால தொடுவேன். அதுக்கப்புறம் நீங்க சரின்னு சொன்னா மட்டும் ஒரு விரல். தொடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் தொடுவேன். நிறுத்தணும்னா நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். என்ன வார்த்தை வேணும்?”

“பிரேக்” என்றாள் டீச்சர். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வார்த்தை அதுதான்.

சிஸ்டர் சிரித்துவிட்டார். போனில் பேசியவர் இவர்தான், குரலிலேயே தெரிந்தது. சின்ன உருவம், காதில் பேனா. “இன்னொண்ணு சொல்லணும் டாக்டர்” என்று நினைவூட்டினார்.

“ஆமா. எவ்வளவு வலின்னு நம்பர்ல சொல்லணும். ஒண்ணுமே இல்லன்னா பூஜ்யம். தாங்கவே முடியலன்னா பத்து.”

*

கட்டிலில் முதுகுப் பக்கம் சாய்வாக உயர்த்தியிருந்தது. இடுப்புக்கு மேல் ஒரு வெள்ளைத் துணி. முழங்கால்களை மடக்கி விரித்துப் படுத்தபோது டீச்சரின் வலது கால் விறைத்து நின்றது, எந்த நொடியும் எதையோ மிதிக்கப் போவதுபோல.

“முதல்ல தொடையில தொடறேன். இது சும்மா, பஞ்சு எப்படி இருக்கும்னு காட்டறதுக்கு” என்றார் டாக்டர்.

பஞ்சு தொடையில் பட்டது.

“பிரேக்” என்றாள் டீச்சர்.

டாக்டரின் கை சட்டென்று விலகியது. “தொடையிலயே வலிக்குதா?”

“இல்ல. வேலை செய்யுதான்னு பாத்தேன்.”

டாக்டர் ஒரு நொடி அவளையே பார்த்தார். “பிரேக் ஓகேயா?”

“ஓகே. இனிமே போலாம்.”

புது மாணவர்களிடம் அவள் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். வண்டி நகர்ந்த முதல் பத்தடியிலேயே ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட வேண்டும். நிற்கும் என்று தெரிந்த பிறகுதான் ஓட்ட முடியும். இங்கே அது நின்றது. ஒன்றரை வருஷத்தில் அந்த இடத்தில் எதுவும் அவள் சொன்னதும் நின்றதாக அவளுக்கு நினைவில்லை. நின்றதில்லை என்பதைவிட, நிறுத்து என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் இருந்த விசிறியைப் பார்ப்பாள். அவன் பாவம், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

டாக்டர் வெளியே இருந்து தொடங்கினார். வெளி உதடுகள், அவற்றின் ஓரம், எங்கும் பூஜ்யம். பிறகு உள் உதடுகளை மெதுவாக விலக்கி, யோனி வாசலைச் சுற்றிப் பஞ்சை ஒவ்வொரு புள்ளியாக வைத்தார். கண்ணுக்குத் தெரிகிற காயமோ சிவப்போ இல்லாவிட்டாலும், சில பேருக்கு அந்த வளையத்தில் ஓரிடத்து நரம்பு மட்டும் கூச்சல் போடும். பார்த்தால் தெரியாது, தொட்டால்தான் தெரியும். வட்டம் முழுக்கத் தொட்டால்தான் எந்த இடம் என்றும் தெரியும். மேலிருந்து தொடங்கி வரிசையாக வந்தார். டாக்டர் மணியைச் சொல்ல, டீச்சர் வலியைச் சொல்ல, சிஸ்டர் இரண்டையும் எழுத வேண்டும்.

“பன்னெண்டு.”

“பூஜ்யம்.”

“ஒண்ணு.”

“பூஜ்யம்.”

“ரெண்டு.”

“ஒண்ணு. இல்ல, பூஜ்யம். பயந்துட்டேன்.”

“மூணு.”

“ரெண்டு.”

“நாலு.”

டீச்சரின் இடுப்பு கட்டிலைவிட்டு எழும்பியது. எலுமிச்சம்பழம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “எட்டு” என்றாள்.

டாக்டர் பஞ்சை எடுத்துவிட்டார். சிஸ்டர் எழுதப் போய் நிறுத்தினார். “எட்டுன்னா எந்த எட்டு? மணியா, வலியா?”

“வலி.”

“மணி நாலு, வலி எட்டு. சரியா?”

“மணி எட்டு” என்றாள் டீச்சர். “வலியும் எட்டு.”

டாக்டர் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கீழே இறக்கி, மேஜையில் கிடந்த படிவத்தை எட்டிப் பார்த்தார். அங்கே எட்டுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. அவருடைய பஞ்சு இருந்ததோ நாலில்.

“கொஞ்சம் மூச்சு விட்டுக்குங்க. மிச்சத்தையும் பாத்துடலாம்.” அஞ்சில் மூன்று, ஆறில் ஒன்று, ஏழில் பூஜ்யம். எட்டில் பஞ்சு பட்டபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை.

“பூஜ்யம்” என்றாள்.

“இது எட்டு மணி” என்றார் டாக்டர் மெதுவாக.

டீச்சர் கண்ணைத் திறந்தாள். வலி என்று குறித்த இடத்தில் வலி இல்லை. வலிக்கும் என்று எழுதாத இடத்தில் உயிர் போகிறது. இதைத்தான் மனசு என்கிறார்களா? அப்படியானால் அவன் சொன்னதுதான் உண்மையா?

டாக்டர் இன்னொரு பஞ்சுக்குச்சியை எடுத்தார். “இப்ப வரிசையில போக மாட்டேன். எந்த மணின்னு சொல்லவும் மாட்டேன். நம்பர் மட்டும் சொல்லுங்க.” அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டார். பூஜ்யம், பூஜ்யம், எட்டு, ஒன்று, பூஜ்யம், மறுபடி எட்டு. சிஸ்டர் பஞ்சு படும் இடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்து கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். இரண்டு எட்டும் நாலு மணியில்தான்.

“வலி இடம் மாறுமா உங்களுக்கு? ஒரு நாள் இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம்னு?”

“மாறவே மாறாது டாக்டர். எப்பவும் இடது பக்கம்தான்.”

“இடதா? நாலு மணின்னா இடதுதானே.”

“எட்டு மணின்னாதான் இடது” என்றாள் டீச்சர்.

“இல்லம்மா, மூணு, நாலு, அஞ்செல்லாம் உங்க இடது. ஏழு, எட்டு, ஒம்பது உங்க வலது.”

“கடிகாரத்துல எட்டு எந்தப் பக்கம் இருக்கு? இடது பக்கம்.”

“எனக்கு ஒண்ணுமே புரியல. நான் சோறு எடுக்கற கையை வெச்சுத்தான் வலதைக் கண்டுபிடிப்பேன்” என்றார் சிஸ்டர்.

மூவருமே சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி பதினொன்றே கால். அதனால் ஒரு பயனும் இல்லை.

டீச்சர் வெள்ளைத் துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத மாணவன் ஒருவன் எதிரில் நிற்பதுபோல அவளுக்குள் ஏதோ விழித்துக்கொண்டது.

“டாக்டர், உங்க இடது கையைத் தூக்குங்க.”

டாக்டர் தூக்கினார்.

“நான் எதிர்ல இருக்கேன். எனக்கு அது வலப்பக்கமா தெரியுது. இல்லையா? இப்ப அதே கையைத் தூக்கிட்டு அந்தக் கைகழுவற இடத்துல இருக்கற கண்ணாடியில பாருங்க. எந்தப் பக்கம் தெரியுது?”

டாக்டர் எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்றார். “இடது பக்கமே.”

“அதான். நான் கண்ணாடியில பாத்துத்தான் குறிச்சேன், ஃபார்ம்ல போட்டிருந்த மாதிரியே. காருக்குப் பின்னாடி இடது பக்கம் லாரி வந்தா, கண்ணாடியிலயும் இடது பக்கம்தான் தெரியும். அப்படித் தெரியலன்னா ரோட்டுல ஒருத்தனும் உசுரோட இருக்க மாட்டான். நீங்க எதிர்ல உக்காந்து பாக்கறீங்க. உங்க நாலுதான் என் எட்டு.”

டாக்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். கண்ணாடியில் அவருடைய முகம் கோணியது. “ஏழு வருஷமா இந்த ஃபார்மைக் கொடுக்கறேன்” என்றார்.

“இத்தனை நாள் யாரும் கண்டுபிடிக்கலையா?” என்றார் சிஸ்டர்.

“பாதிப் பேருக்கு மேல ரெண்டு பக்கமும் வலிக்கும். அஞ்சும் ஏழும்னு குறிப்பாங்க. அதைத் திருப்பிப் போட்டாலும் ஏழும் அஞ்சும்தான். வித்தியாசமே தெரியாது.” அவர் கையை இறக்கினார். “ஒரு பக்கம் மட்டும் வலிச்சவங்க சில பேர் இருந்தாங்க. சொன்னதும் சோதனையும் பொருந்தலன்னு எழுதியிருக்கேன்.”

அவர் மேஜைக்குத் திரும்பினார். சிஸ்டரிடம் பேனாவை வாங்கி, அச்சிட்ட வரியின் பக்கத்தில் ‘கண்ணாடியில் பார்த்தது’ என்று எழுதினார். கடைசியில் முற்றுப்புள்ளியை மிகவும் அழுத்தி வைத்தார்.

*

மிச்சம் இருந்தது விரல் சோதனை. டீச்சர் சரி என்றாள். வலித்த புள்ளியைத் தொடாமல் வலப்பக்கமாகவே, களிம்பு தடவிய ஒற்றை விரல்.

“இப்ப உள்ள இருக்கற தசையைப் பாக்கறேன். சிறுநீர அடக்கற மாதிரி இறுக்குங்க. நல்லது. இப்ப விடுங்க.”

“விட்டுட்டேன்.”

“இல்ல. இன்னும் பிடிச்சிட்டிருக்கீங்க.”

“விட்டுட்டேனே.”

“இடது பக்கம் விடவே இல்ல. கயிறு மாதிரி இருக்கு.” டாக்டர் விரலை அசைக்காமல் அப்படியே வைத்திருந்தார். “கால் பெருவிரலைத் தளர்த்துங்க. தாடையையும்.”

தாடையைப் பற்றி டீச்சர் நினைக்கவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டபோது எங்கோ உள்ளே, மிகக் கொஞ்சமாக, ஏதோ இறங்கியது. அது இத்தனை நாள் உயர்ந்து நின்றதே அவளுக்குத் தெரியாது.

“அதான்” என்றார் டாக்டர். “அது ஒரு நொடிதான் இறங்குச்சு. ஆனா இறங்கத் தெரியுது. அது போதும்.”

உடை மாற்றி வந்து உட்கார்ந்த பிறகு அவர் விளக்கினார். வாசலில் ஒரு புள்ளி கூச்சல் போடுகிறது. அதைக் காப்பாற்ற உள்ளே இருக்கும் தசை கதவைச் சாத்துகிறது. சாத்திய கதவில் மோதும்போது புள்ளிக்கு இன்னும் வலி. வலிக்க வலிக்கத் தசை முன்கூட்டியே சாத்தப் பழகிவிடுகிறது. கடைசியில் கணவன் பக்கத்தில் திரும்பிப் படுத்தாலே போதும். அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு, சீட்டில் எழுதித் தருகிறேன் என்றார். மரத்துப்போக ஒரு களிம்பு. தசையை விடப் பழக்குவதற்கு ஒரு பயிற்சியாளர். மூன்று மாதமாவது ஆகும், இன்னும் அதிகமும் ஆகலாம். அதுவரை வலிக்கிற எதையும் முயல வேண்டாம்.

“ஏன் வந்துச்சு டாக்டர்?”

“தெரியல.”

“நாள் முழுக்க இன்னொருத்தர் ஓட்டற வண்டியில காலை பிரேக்குக்கு மேலயே வெச்சிருக்கேன். அதனாலயா?”

“இருக்கலாம். அதனாலதான்னு சொன்னா நான் கதை விடறேன்னு அர்த்தம். எங்கேன்னு தெரியும், ஏன்னு தெரியாது.”

“மனசு?”

“வலிச்சா மனசும் பயப்படும். பயந்துதான் வலிக்குதுன்னு சொல்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு.” டாக்டர் தயங்கினார். “உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரா? நீங்க சரின்னா நானே சொல்றேன்.”

“நானே சொல்லிக்கறேன்” என்றாள் டீச்சர்.

*

மெக்கானிக் காரின் கதவைத் திறந்துவைத்து ஒரு காலை வெளியே தொங்கவிட்டிருந்தான். அவளைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைப் போடாமல், படிவத்தை அவன் மடியில் வைத்தாள்.

“நார்மல் இல்ல” என்றாள்.

அவன் பார்த்தான். எட்டின் பக்கத்தில் பழைய பெருக்கல் குறி. நாலின் பக்கத்தில் சிவப்பு மையில் புதிதாக ஒரு வட்டம். அதன் ஓரத்தில் இன்னொரு எட்டு.

“எட்டா, நாலா?”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“டீச்சர், ஒண்ணு எட்டுன்னு சொல்லு, இல்ல நாலுன்னு சொல்லு.”

அவள் சொன்னாள். எதிரில் நிற்பவர், கண்ணாடி, லாரி எல்லாம். அவன் தன் கையைத் தூக்கிப் பக்கக் கண்ணாடியில் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். பிறகு வலி எப்படி இருக்கும் என்று டாக்டரிடம் சொன்னதைச் சொன்னாள், தசையைப் பற்றி, களிம்பைப் பற்றி, பயிற்சியாளரைப் பற்றி. சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவன் முகம் தெளியும் என்று நினைத்தாள். ஒன்றரை வருஷமாகத் தலையில் சுமந்த பழி இறங்கியதே, ஒரு பெருமூச்சாவது விட மாட்டானா?

அவன் முகம் தெளியவில்லை. படிவத்தைக் கசங்காமல் மடித்தான்.

“அப்ப ஒவ்வொரு தடவையும் உனக்குப் புண்ணுல எலுமிச்சம்பழம்” என்றான்.

“அந்த மாதிரி.”

“நான்தான் அதைப் பண்ணிட்டிருந்தேன்.”

“உங்களுக்குத் தெரியாதே.”

“ஏன் சொல்லல?”

“வலிக்குதுன்னு சொன்னேனே.”

“வலிக்குதுன்னுதான் சொன்ன. நிறுத்துன்னு சொல்லவே இல்ல.”

அவளிடம் அதற்குப் பதில் இருந்தது, ஆனால் அது சின்னதாக இருந்தது. “சொன்னா நீங்க போயிடுவீங்கன்னு நினைச்சேன்.”

“சொல்லாததாலதான் போறேன்னு சொன்னேன்.”

இருவரும் முன்கண்ணாடி வழியாக எதிரில் இருந்த சுவரைப் பார்த்தார்கள். வண்டி நிறுத்தாதீர் என்று அதில் எழுதியிருந்தது. அவர்கள் அங்கேதான் நிறுத்தியிருந்தார்கள்.

“இப்ப எனக்கு நிம்மதியா இருக்கா, கஷ்டமா இருக்கான்னே தெரியல” என்றான் அவன்.

“எனக்கும்தான். ஏதாவது இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன். இருக்கு. சந்தோஷப்படலாமா?”

“போகலாமா வேண்டாமான்னும் தெரியல.”

“போறதுன்னா போங்க. ஆனா வேற காரணம் சொல்லிட்டுப் போங்க. எனக்கு உங்களைப் பிடிக்கலன்னு இனிமே சொல்ல முடியாது. அது நாலு மணியிலயும் இல்ல, எட்டு மணியிலயும் இல்ல.”

அவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு எண்ணை அழுத்தினான். மறுமுனையில் மேனேஜரின் குரல் காருக்குள் கரகரத்தது.

“சார், வெள்ளிக்கிழமை பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் டைம் வேணும்.”

கரகரப்பு. அவன் போனைக் கையால் பொத்தினான். “காரணம் கேக்கறாரு. என்ன சொல்ல?”

“உண்மையச் சொல்லுங்க.”

“எந்த உண்மைய?”

அவன் கையை எடுத்தான். “சார், வீட்ல ஒரு பிரச்சனை. எங்கேன்னு இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். ஏன்னு இன்னும் தெரியல.”

“கேஸ் லீக்கா?” என்ற குரல் டீச்சருக்கே கேட்டது.

“இல்ல சார். ஃப்ரிட்ஜ் இல்ல. நாங்க.”

மறுமுனை முன்பைவிடத் தணிந்து கேட்டது. “ஒரு மாசம் போதுமா?”

மெக்கானிக் மனைவியைப் பார்த்தான். அவள் மூன்று விரலைக் காட்டி, பிறகு சந்தேகத்துடன் நாலாவதையும் நீட்டினாள்.

“தெரியல சார்” என்றான் அவன். “கூட இருந்து பாத்துட்டுச் சொல்றேன்.”